காற்றை அளக்க வந்த ஜவ்பர் அண்ணை

ரெலிபோன் அடித்தால் எனக்கு இன்றும் பயம். யாருடைய பெயர் திரையில் விழுகிறது என்று பார்க்கும் வரைக்கும் மூச்சு விடமாட்டேன். போர் முடிந்த வருடத்தில் பிடித்த நோய் அது; இன்னும் சுகமாகவில்லை. போன கிழமை பல் வைத்தியர் கிளினிக்கில் வேலையாக இருந்தபோது அடித்த போனில் "ஜவ்பர் அண்ணை வீடு" என்று விழுந்தது. அவர் எப்போதும் தன் கைப்போனில் இருந்துதான் எடுப்பார். வீட்டு நம்பரில் இருந்து வருகிறதென்றால் எடுப்பது அவரில்லை. அதை எடுப்பதற்கு முதலே எனக்கு விளங்கிவிட்டது. மகள் ஷிபானாதான் பேசினாள். "அன்ரி, வாப்பா பாஸ்ட் அவே. திஸ் மோர்னிங். சுபஹு தொழுதிட்டுப் படுத்தவர், எழும்பேல்லை. ளுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். உங்கட அம்மாட்ட நீங்கள்தான் சொல்லவேணும்." சொல்லிவிட்டுப் பிள்ளை அழுதது. எனக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது, யாரோ என் பக்கத்தில் நின்ற ஆளைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனது போல.

ரொறன்ரோவில், ஸ்காபரோப் பக்கம் பழைய வீடு வைத்திருக்கும் நம் ஆட்களில் பலருக்கு அவரைத் தெரியும். சிலர் "காத்தாடிக்காரர்" என்பார்கள், சிலர் "கிரான்ற் அண்ணை" என்பார்கள். வருமானம் குறைந்தவர்கள் தங்கள் வீட்டின் பழைய சூடாக்கியை மாற்ற உதவும் ஒரு சின்ன நிறுவனத்தில் அவர் வேலை செய்தார். உதவி கிடைக்க வேண்டுமென்றால் முதலில் வீட்டைச் சோதிக்க வேண்டும், வேலை முடிந்த பிறகு இன்னொரு தரம் சோதிக்க வேண்டும். அந்தச் சோதனைதான் அவருடைய தொழில். பெரிய உடம்பு, மடிப்புக் கலையாத சேட், கிட்ட வந்தால் அத்தர் வாசம். யார் வீட்டில் என்ன கொடுத்தாலும் சாப்பிடுவார். வாய் ஓயாது. வான் ஓட்டும்போது மட்டும் மகா பயந்தாங்கொள்ளி. பின்னால் வருகிறவர்கள் ஹோன் அடித்து அடித்துக் களைத்துப் போவார்கள்.

முதல் தரம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது கதவைத் தட்டிவிட்டு விறுவிறென்று பின்வாங்கிப் புல்லில் நின்றார். யன்னலால் பார்த்தேன். இரண்டு கையையும் தெரியும்படி தொங்கவிட்டுக்கொண்டு, ஈரப் புல்லில், சப்பாத்து நனைய நிற்கிறார். பிறகொரு நாள் ஏன் அப்படி என்று கேட்டேன். "கதவைத் திறக்க முதல் ஆளை முழுசாப் பாக்கவேணும் தங்கச்சி. தட்டிப்போட்டுக் கதவோட ஒட்டி நிக்கிறவனுக்கு ஆர் திறப்பினம்? நானெண்டால் திறக்கமாட்டன்" என்றார். எங்கள் ஆட்களின் வீட்டுக்கு மட்டும் அப்படிச் செய்தாரா, எல்லோருடைய வீட்டுக்கும் அப்படியா என்று நான் கேட்கவில்லை.

அது போரின் கடைசி மாதங்கள். தம்பி குகன் வன்னியில் அகப்பட்டிருந்தான். தை மாதம் கடைசியாகக் கதைத்தான். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் எங்கள் வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். அப்பா வாங்கிய வீடு. வாங்கிக் கொஞ்ச வருடத்தில் அவர் போய்விட்டார். பேஸ்மென்றில் வீட்டுச் சூடாக்கிக்கு எண்ணெய் கொடுக்கும், என்னைவிட வயது கூடிய தாங்கி ஒன்று இருந்தது. அதன் அடிப்பகுதி துருப்பிடித்துக் கசிய, வீடெல்லாம் மண்ணெண்ணெய் மணம். வைகாசி முடிவதற்குள் அதை எடுக்காவிட்டால் வீட்டுக்கு இன்சூரன்ஸ் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இன்சூரன்ஸ் இல்லாத வீட்டை வங்கிக்காரன் விட்டு வைக்கமாட்டான். புதிதாக ஒன்றைப் பூட்ட என்னுடைய சம்பளத்தால் முடியாது. காஸுக்கு மாறுவோம் என்றால், எங்கோ காஸ் வெடித்ததை ரீவியில் பார்த்ததிலிருந்து அம்மா அந்தச் சொல்லையே வீட்டில் எடுக்க விடவில்லை. ஆக, தம்பிக்கு ஒரு பக்கம் பயம், வீட்டுக்கு ஒரு பக்கம் பயம். எந்தப் பயத்தோடு எழும்புகிறேன் என்பது அன்றன்றைக்குத்தான் தெரியும்.

இந்த உதவித் திட்டத்தைப் பற்றி எனக்குச் சொன்னது மில்லிக்கனில் இருந்த ராணி அக்கா. என்னோடு வேலை செய்தவர். சும்மா தருகிறார்கள் என்று கேட்டால் நம் ஆட்களுக்கு முதலில் வருவது சந்தேகம். "பிறகு வீட்டை எழுதி எடுப்பாங்கள்" என்று ஒருவர் சொன்னார். "ஊருக்குக் காசு அனுப்புற ஆக்களைப் பிடிக்கத்தான் உந்தச் சாட்டு" என்று இன்னொருவர் சொன்னார். ராணி அக்காவுக்கு வேறு பயம். அவருடைய பேஸ்மென்றில் அனுமதி இல்லாமல் ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்தது. சோதனை நாளில் அவர்களைப் பிளாசாவுக்கு அனுப்பிவிட்டு, கீழே கிடப்பதெல்லாம் தன்னுடைய பழைய சாமான் என்று ஜவ்பர் அண்ணையிடம் சொல்லியிருக்கிறார். அவர் மூலையில் இருந்த சோற்றுக் குக்கரின் மூடியைத் தொட்டுப் பார்த்தாராம். "அக்கா, உங்கட பழைய சாமான் கொதிக்குது. நான் காத்தை அளக்க வந்தனான், ஆக்களை எண்ண வரேல்லை. அவையைக் கூப்பிடுங்கோ, வெளியில குளிருது" என்றாராம். அந்த ஒரு வசனம் ஸ்காபரோ முழுக்கச் சுற்றியது. அதற்குப் பிறகுதான் எங்கள் ஆட்கள் அவருக்குக் கதவு திறக்கத் தொடங்கினார்கள்.

எங்கள் வீட்டுக்கு முதல் தரம் வந்த அன்று அவர் ஒரு சோதனையும் செய்யவில்லை. பிளேன்ரீ குடித்தபடி ஹீற் பம்ப் என்றால் என்ன என்று அம்மாவுக்கு விளக்கினார். வெளியே ஒரு பெட்டி நிற்கும், அது வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை எடுத்து உள்ளே தரும் என்றார். அம்மா சிரித்துவிட்டார். மாதக்கணக்கில் சிரிக்காத மனுசி.

"ரொறன்ரோக் குளிருக்குள்ள சூடு கிடக்கோ, தம்பி? அப்பிடியெண்டால் ஃபிரிட்ஜுக்குள்ளயும் கிடக்கும்."

"கிடக்கு அம்மா. சாப்பாட்டில இருந்து அது எடுத்த சூட்டைப் பின்பக்கத்தால வெளிய விடுது. கையை வச்சுப் பாருங்கோவன்."

அம்மா உண்மையாகவே எழும்பிப் போய் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தார். "ஓம் பிள்ளை, சுடுது" என்று எனக்குச் சொன்னார். ஜவ்பர் அண்ணை இன்னொரு வடையை எடுத்துக்கொண்டார். அவர் வென்றுவிட்டார் என்று நினைத்தேன்.

சாமியறையை அவர் அப்போது பார்த்திருக்கவில்லை. தம்பியின் போன் நின்ற நாளிலிருந்து அம்மா அங்கே ஒரு விளக்கை அணைய விடாமல் எரித்துக்கொண்டிருந்தார். அவனிடமிருந்து சேதி வரும் வரைக்கும் அது அணையக்கூடாது என்பது அம்மா வைத்த நேர்த்தி. குளிப்பதும் தூங்குவதும் அதற்கேற்றபடி. நான் வேலைக்குப் போகும்போது எண்ணெய் இருக்கிறதா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவேன். அது எரிந்தால் அவன் இருக்கிறான். வாய்விட்டு இருவரும் சொன்னதில்லை, ஆனால் வீட்டில் கணக்கு அதுதான்.

சித்திரை கடைசியில் சோதனைக்கு வந்தவர் வீட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்து சாமியறை வாசலில் நின்றுவிட்டார். முன்கதவைத் திறந்து அந்த இடத்தில் துணிச் சட்டம் ஒன்றைப் பூட்டி, அதில் பெரிய காற்றாடி வைத்து, வீட்டுக்குள் இருக்கும் காற்றை வெளியே இழுப்பதுதான் சோதனை. எந்த ஓட்டையால் குளிர் உள்ளே வருகிறது என்று அப்போது தெரியும். அந்த நேரத்தில் வீட்டில் திறந்த நெருப்பு ஒன்றும் இருக்கக்கூடாது. அதை அவர் சொன்னதுதான் தாமதம், அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"விளக்கை நூர்க்க ஏலாது, தம்பி."

"அம்மா, கொஞ்ச நேரந்தான்."

"வீடு போனாப் போகட்டும். நூர்க்க ஏலாது."

சோதனை இல்லையென்றால் உதவி இல்லை. உதவி இல்லையென்றால் வீடு இல்லை. நான் அம்மாவோடு சத்தம் போடத் தொடங்கினேன். ஜவ்பர் அண்ணை என்னைக் கையைக் காட்டி நிறுத்தினார். "வீட்டுக்காரர் மறுத்துவிட்டார்" என்று குறித்துவிட்டு அவர் போயிருக்கலாம். அவருக்கு அன்று சோதிக்க இன்னும் வீடுகள் இருந்தன. அவர் சாமியறைக்கு வெளியே நிலத்தில் சப்பணம் கட்டி உட்கார்ந்தார்.

"அம்மா, நாங்கள் யாழ்ப்பாணத்துச் சோனகத் தெரு ஆக்கள். தொண்ணூறில முஸ்லிம் சனத்தை இயக்கம் ஊரை விட்டு வெளிக்கிடச் சொன்னது தெரியுந்தானே. ரெண்டு மணித்தியாலந்தான் தந்தவங்கள். உம்மா அடுப்பில சோறு வச்சிருந்தவ. புத்தளத்தில ஓலைக் கொட்டிலுக்குள்ள இருந்துகொண்டு ஒவ்வொரு நாளும் கேப்பா, 'அடுப்பை நூத்தனாங்களோ? அடுப்பை நூத்தனாங்களோ?' எண்டு. 'வீடே போட்டுது, அடுப்பு என்னத்துக்கு' எண்டு வாப்பா ஏசுவார். மனுசி மௌத்தாகும் வரைக்கும் கேட்டவ. நெருப்பெண்டால் எனக்கும் விளையாட்டில்லை, அம்மா."

"அது பெரிய பாவம், தம்பி" என்றார் அம்மா.

"அதைக் கதைக்க நான் இப்ப வரேல்லை" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அதற்கு மேல் அதைப் பேச இடமும் வைக்கவில்லை.

வழியைக் கண்டுபிடித்தது அம்மாதான். ஒரு விளக்கில் இருந்து இன்னொரு விளக்கைக் கொழுத்தினால் நெருப்பு அதே நெருப்புத்தானே. ஒரு சின்னச் சுட்டி விளக்கில் எண்ணெய் விட்டுத் திரி போட்டு, பெரிய விளக்கில் இருந்து கொழுத்தினார். காற்றுப் படாமல் இருக்க எங்கள் பெரிய சோற்றுப் பானையின் அடியில் அதை வைத்தார். வீட்டுக்குள் அது நிற்க முடியாது. ஜவ்பர் அண்ணையின் வானில் வைப்பது என்று முடிவாயிற்று. "வானுக்குள்ள நெருப்பு வச்சனான் எண்டு ஒபிஸில தெரிஞ்சால் எனக்கு நாளைக்கு வேலை இல்லை" என்றபடி பானையை அவரே இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நடந்தார். நான் வானின் முன்சீற்றில் ஏறினேன். பானை என் காலடியில். அம்மா உள்ளே போய்ப் பெரிய விளக்கைத் தன் கையாலேயே அணைத்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் அணைத்தார் என்று ஜவ்பர் அண்ணை பிறகு சொன்னார்.

வானுக்குள் இருந்து பார்த்தால் எங்கள் முன்கதவில் சிவப்புத் துணி மட்டும்தான் தெரிந்தது. காற்றாடி சுழலத் தொடங்கியது. சத்தம் ஏறிக்கொண்டே போனது. ஏறி ஏறி, தெருவே கேட்கும்படி ஊளையிட்டது. சட்டென்று நின்றது. உள்ளே ஏதோ நடந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. இறங்கி ஓட வேண்டும். பானையை விட்டுவிட்டுப் போக முடியாது. கதவைத் திறந்தால் காற்று அடிக்கும். இரண்டு கையாலும் பானையின் வாயைப் பொத்தினேன். பொத்தினால் அணைந்துவிடுமோ என்று எடுத்தேன். தம்பி காலடியில், அம்மா உள்ளே. என் வாழ்க்கையில் அதைவிடப் பயந்த நேரம் இல்லை.

நடந்தது இதுதான். சத்தம் ஏறியபோது அம்மா சாப்பாட்டு மேசைக்குக் கீழே போய்க் காதைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டார். குண்டு போடும் கிபிர் விமானம் வருகிறதென்று உடம்பு நினைத்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் பழகிய உடம்புக்கு ரொறன்ரோ தெரியாது. ஜவ்பர் அண்ணை ஓடிவந்து காற்றாடியை நிறுத்தி, அந்தப் பெரிய உடம்போடு மேசைக்குக் கீழே தானும் போயிருக்கிறார். "நானும் பயந்திட்டன் அம்மா, பாருங்கோ என்ர நெஞ்சை" என்று சொல்லி, அம்மாவின் கையை எடுத்துத் தன் மார்பில் வைத்துக் காட்டினாராம். பிறகு காற்றாடியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகியை அம்மாவின் கையில் கொடுத்தார். "உங்கட கையால போடுங்கோ. உங்களுக்குக் காணும் எண்ட இடத்தில நிப்பாட்டுங்கோ." அம்மா கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினார். அன்றிலிருந்து எங்கள் ஆட்களின் வீடுகளில் எல்லாம் அவர் வீட்டுக்காரர் கையில்தான் திருகியைக் கொடுப்பார். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் செய்திருப்பார். அது எங்கள் சாப்பாட்டு மேசைக்குக் கீழே தொடங்கிய வழக்கம்.

சோதனை முடிந்து அவர் சிரித்துக்கொண்டு வந்தார். "முடிஞ்சுது தங்கச்சி. உங்கட வீடு சல்லடை. நல்லாத் தோத்திட்டுது, இனி உதவி கிடைக்கும்" என்றபடி வான் கதவைத் திறந்து, குனிந்து பானையைத் தூக்கினார். சித்திரைக் காற்று. பானைக்குள் ஒரு தரம் சுழன்றுவிட்டுப் போனது. திரியில் இருந்து மெல்லிய புகை எழும்பியது.

இருவரும் பானைக்குள் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"தங்கச்சி, நூந்திட்டுது."

அவர் முகத்தில் இருந்த இரத்தம் எங்கே போனது என்று தெரியவில்லை. என்னிடம் நெருப்புப் பெட்டி இல்லை. அவர் புகைக்காத மனிதர். பிறகு வானில் சிகரெட் பற்றவைக்கும் குமிழ் ஞாபகம் வந்து, சீற்றில் பாதி ஏறி அதை அமத்தினார். அது சூடாகித் துள்ளி வெளியே வர வேண்டும். வரவில்லை. வரவேயில்லை. "அல்லாஹ், அல்லாஹ்" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தார். துள்ளியதும் சிவந்த நுனியைத் திரியில் வைத்தார். கை நடுங்கியதில் முதல் தரம் பற்றவில்லை. இரண்டாம் தரம் பற்றியது.

"அம்மாட்டச் சொல்லவேண்டாம்."

"சொல்லமாட்டன் அண்ணை."

அம்மா முன்வாசலுக்கு வந்து பானையை வாங்கினார். ஜவ்பர் அண்ணையின் முகத்தை ஒரு தரம் பார்த்தார். "நல்லா இரும் தம்பி" என்று சொல்லிக்கொண்டு சாமியறைக்குப் போய், அந்த நெருப்பில் பெரிய விளக்கைக் கொழுத்தினார். நாங்கள் இருவரும் கள்ளர் மாதிரி வெளியே நின்றோம்.

உதவி கிடைத்தது. வைகாசியில் வேலையாட்கள் வந்த கிழமையில்தான் போர் முடிந்தது என்று ரீவியில் சொன்னார்கள். கீழே எண்ணெய்த் தாங்கியைத் துண்டு துண்டாக வெட்டிக் கொண்டுபோனார்கள். சுவரில் துளை போட்டார்கள். மேலே அம்மா ரீவிக்கு முன்னால் இருந்து, கடற்கரையில் நடந்து வரும் சனத்துக்குள் ஒரு முகத்தைத் தேடினார். துளை போடும் சத்தத்தில் செய்தி கேட்கவில்லை. நிறுத்தச் சொல்லவும் முடியவில்லை. வீடு தப்பிவிட்டது. அதைச் சொல்லிச் சந்தோசப்பட எங்கள் இருவருக்கும் வாய் இல்லை. போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம்.

அகதி முகாமில் இருந்து ஊர்க்காரப் பெண் ஒருவர் கடைசியில் போனில் கதைத்தார். குகனை வன்னியில் ஒரு தண்ணீர் வரிசையில் கண்டாராம். எப்போது என்று கேட்டேன். "சித்திரை கடைசி அக்கா. பிறகு காணேல்லை" என்றார். அதற்குப் பிறகு இன்றுவரை அவனைக் கண்டவர் எவரும் இல்லை. செத்தான் என்று சொன்னவரும் இல்லை.

வேலை முடிந்த பிறகான இரண்டாம் சோதனைக்கு வந்தபோது, எங்கிருந்தோ கண்ணாடிக் கூண்டு வைத்த லாந்தர் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார் ஜவ்பர் அண்ணை. அந்த முறை அணையவில்லை. வீடும் நன்றாக வென்றது. புறப்படும்போது நான் அந்தப் பெண் சொன்னதைச் சொன்னேன். அவர் வான் கதவில் கையை வைத்தபடி நின்றார்.

"சித்திரை கடைசியெண்டால், எந்தக் கிழமை?"

"தெரியாது அண்ணை. அவவுக்கும் தெரியாது."

"நாங்கள் செய்ததும் சித்திரை கடைசி."

"அண்ணை, அதுக்கும் இதுக்கும் என்ன?"

"ஒண்டும் இல்லை. எனக்கு உந்த நம்பிக்கையெல்லாம் இல்லை. எங்கட மார்க்கத்தில உப்பிடி நினைக்கிறதே பிழை. ஆனா எனக்குப் பயமா இருக்கு, தங்கச்சி."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. அவர் சொன்னது காணாதா?

அதற்குப் பிறகு வருடாவருடம் முதல் பனி விழுந்ததும் அவர் வருவார். வெளியே நிற்கும் பெட்டியைச் சுற்றி விழுந்த பனியைத் தள்ளிவிட வந்தேன் என்பார். அது அவருடைய வேலையில்லை. எங்களுக்குக் கை கால் இருக்கிறது. பனியைத் தள்ளிவிட்டு, அம்மாவின் வடையைச் சாப்பிட்டுவிட்டு, சப்பாத்துப் போடும்போது குரலை இறக்கிக் கேட்பார்: "சேதி ஏதும்?" நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன். "சரி, பிறகு பாப்பம்" என்று போவார். வேலையில் இருந்து ஓய்வெடுத்த பிறகும் வந்தார். ஒரு வருடம் அவருக்கு நெஞ்சில் பைபாஸ் சத்திரசிகிச்சை. ஆஸ்பத்திரியில் இருந்து போன் எடுத்தார். "தங்கச்சி, என்னைக் கொண்டுபோக வந்திட்டாங்கள். சேதி ஒண்டும் இல்லையே?" இல்லை என்றேன். "அப்ப வந்து கேக்கிறன்" என்று வைத்துவிட்டார். சாகக்கூடிய நேரத்தில் மனிதன் கேட்கிற கேள்வியா இது என்று எனக்குக் கோபம் வந்தது. கிளினிக்கின் மலசலகூடத்துக்குள் போய் அழுதேன்.

அடக்கம் முடிந்த பின்னேரம் அம்மாவை அவர் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். அம்மாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. படியேற ஒருவர் பிடிக்க வேண்டும். பெண்கள் இருந்த அறையில் அவருடைய மனைவி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "குகன் எண்டது உங்கட மகனோ, அம்மா? ஒவ்வொரு தொழுகையிலயும் அவர் அந்தப் பேரைச் சொல்லித் துஆக் கேக்கிறவர். ஏனெண்டு கேட்டால் சொல்லமாட்டார்." அம்மா அந்த மனுசியின் கையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

காரில் ஏற்றி சீற் பெல்ற் போட்டுவிட்டேன். காரை எடுக்க முதல் அம்மா பேசினார்.

"விளக்கு நூந்ததெண்டு பயந்துகொண்டே போயிட்டான், என்ன?"

என் கை கார்த் திறப்பிலேயே நின்றுவிட்டது.

"உங்களுக்குத் தெரியுமோ அம்மா?"

"யன்னலால பாத்துக்கொண்டு நிண்டனான். அந்தப் பிள்ளைக்குக் கை நடுங்கினது தெரிஞ்சது."

"ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

அம்மா முன்கண்ணாடியால் வெளியே பார்த்துக்கொண்டு இருந்தார். அவர்கள் வீட்டு முன்வாசலில் ஆண்கள் சப்பாத்துக்களைத் தேடிக்கொண்டு நின்றார்கள்.

"என்னெண்டு சொல்லுறது? அதுக்கு முதலே நூந்ததெல்லோ. மாசியில ஒருக்கா. பங்குனியிலயும். நான் கண்ணயந்திட்டன். எழும்பிப் பாத்தால் கரித் திரி. திரும்பக் கொழுத்திப்போட்டு உனக்குச் சொல்லேல்லை, நீ பயந்திடுவாய் எண்டு. அவன் நூத்ததில்லை பிள்ளை. நான்தான். அவனுக்கு அதைச் சொல்லியிருக்கலாம். சொல்ல எனக்குப் பயமா இருந்தது."

சொல்லிவிட்டு அம்மா அழுதார். போர் முடிந்த அன்றும் அழாத மனுசி. நான் திறப்பை விட்டுவிட்டு அவர் பக்கம் சாய்ந்து பிடித்துக்கொண்டேன். நீங்களும் இல்லை அம்மா, அவரும் இல்லை, விளக்கும் இல்லை என்று சொன்னேன். சொல்லும்போதே அது அவருக்குக் கேட்கவில்லை என்று தெரிந்தது. எனக்கே முழுதாகக் கேட்கவில்லை.

அவரை அறிந்த நீங்கள் ஒவ்வொருவரும் அவரிடமிருந்து ஒன்றை வைத்திருப்பீர்கள். உங்கள் வீட்டில் ஓடுகிற சூடு, ராணி அக்காவுக்குச் சொன்ன வசனம், புல்லில் நின்ற அந்த நிலை. எனக்கு மிஞ்சியது வேறு. காணாமல் போன என் தம்பிக்காகப் பயப்பட இந்த ஊரில் மூன்று பேர் இருந்தோம். ஒருவர் அவனை ஒரு நாளும் கண்டதில்லை. இப்போது அம்மாவும் நானும்தான். ஜவ்பர் அண்ணையின் பங்கையும் நான் எடுத்துக்கொள்கிறேன்.